ஸ்டீயரிங் கமிட்டியில் அமர்ந்திருக்கும் உங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஸ்பான்சர்களுக்கு, தகவல் தொழில்நுட்பத் தலைவர்களான சி.ஐ.ஓ.க்களுக்கு, ப்ராஜெக்ட் மேலாண்மை அலுவலகமான பி.எம்.ஓ. நடத்துபவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் ஐ.டி. ப்ராஜெக்ட் மேனேஜராக 18 வருடமாக வேலை பார்க்கிறேன். அதில் பாதிக்கு மேற்பட்ட காலம் தனியாக நிற்கிற ப்ராஜெக்ட் எதுவும் என்னிடம் வந்ததில்லை. 5, 7, 12 என்று ப்ராஜெக்டுகளை ஒரு கட்டாகக் கட்டி, அதற்கு ஒரு பெயரும் லோகோவும் வைத்து, ‘இனிமேல் இது ஒரு புரோகிராம்’ என்று நீங்கள் அறிவிப்பீர்கள், அதில் ஒன்று என் கையில் இருக்கும். புரோகிராமை மேற்பார்க்கும் ஸ்டீயரிங் கமிட்டியாக நீங்கள் உட்கார்ந்திருக்க, மாதம் ஒருமுறை உங்கள் முன்னால் வந்து நிற்பேன். எனக்கு 4 நிமிடம், ஒரு ஸ்லைடு, அதன் மூலையில் ஒரு வண்ணப் பொட்டு. பச்சை என்றால் அடுத்தவர் வரலாம். அந்த 4 நிமிடத்தில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பல ஊர்களில் கிளைகள் உள்ள ஒரு மருத்துவமனைக் குழுமம், பெயர் வேண்டாம். நோயாளி பதிவு, லேப், மருந்தகம், பில்லிங், டாக்டர்களுக்கான மொபைல் செயலி என்று 5 ப்ராஜெக்ட். லேப் என்னுடையது. சிஸ்டத்தைப் பயன்பாட்டுக்குத் திறக்கும் கோ-லைவுக்கு முந்தைய கூட்டத்தில் ஐந்துமே பச்சை. நான் சொன்ன பச்சை பொய் இல்லை. லேப் சிஸ்டத்துக்கு எழுதியிருந்த தேவைகள் எல்லாம் முடிந்திருந்தன, டெஸ்ட் எல்லாம் பாஸ், கெடுவும் தாண்டவில்லை. மற்ற நால்வர் சொன்னதும் பொய் இல்லை.

திங்கட்கிழமை காலை முதல் கிளையில் திறந்தோம். எட்டரை மணிக்கெல்லாம் ரத்தப் பரிசோதனை முடிவுகள் எங்கள் சிஸ்டத்திலிருந்து கிளம்பி, டாக்டரின் திரைக்குப் போய்ச் சேராமல் நடுவழியில் தேங்க ஆரம்பித்தன. காரணம் நோயாளி எண். பதிவு டீம் 10 இலக்கத்தில் எண் கொடுத்தது. மருந்தகமும் பில்லிங்கும் அதற்கு முன்னால் கிளைக்கான 2 இலக்கத்தைச் சேர்த்து 12 ஆக வைத்திருந்தன. நாங்கள் 10-க்கு எழுதியிருந்தோம், செயலி டீம் 12-ஐ எதிர்பார்த்துக் காத்திருந்தது. அன்று முழுக்க லேப் ஊழியர்கள் முடிவுகளைத் தாளில் அச்சடித்துக் கையில் எடுத்துக்கொண்டு 3 மாடி ஏறி இறங்கினார்கள். ஐ.சி.யூ.வில் இருந்த ஒருவரின் பொட்டாசியம் அளவு 40 நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த 40 நிமிடம் என் மனதைவிட்டுப் போகவில்லை.

அப்புறம் எல்லாரும் உட்கார்ந்து தேடினோம், நோயாளி எண் எத்தனை இலக்கம் என்று முடிவு செய்வது யாருடைய வேலை? ஐந்து ப்ராஜெக்ட் பிளானிலும் அது இல்லை. நாங்கள் நால்வரும் ‘பதிவு டீம் சொல்லும்’ என்று இருந்தோம், பதிவு டீமோ ‘இது நம் சிஸ்டத்துக்குள் இருக்கிற எண்தானே’ என்று இருந்தது. புரோகிராமின் அடிப்படை ஆவணமான சார்ட்டரைத் திறந்து பார்த்தால் டிபென்டென்சி, அதாவது எது எதைச் சார்ந்திருக்கிறது, என்று ஒரு தலைப்பு இருந்தது, அதன் கீழே ஐந்து ப்ராஜெக்டுகளையும் அம்புக்குறிகளால் இணைத்து ஓர் அழகான படமும் இருந்தது. எந்த அம்புக்குறியிலும் ஒரு தேதி இல்லை, ஓர் ஆள் பெயர் இல்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். புரோகிராம் என்பது அந்த அம்புக்குறிகள். பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம், அதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் நடக்கிறதைப் பார்த்துக்கொள்ளத்தான் ஃபிரேம்வொர்க் என்று ஒரு வழிமுறைத் தொகுப்பை உலகம் உருவாக்கி வைத்திருக்கிறது. நீங்கள் அதை வாங்கி, அதன் படிவங்களை எங்களிடம் கொடுத்தீர்கள். அதில் இருக்கும் அதிகாரத்தை யாருக்கும் கொடுக்கவில்லை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பிரிட்டிஷ் அரசு 1999-ல் எம்.எஸ்.பி. (மேனேஜிங் சக்சஸ்ஃபுல் புரோகிராம்ஸ்) என்ற முறையை வெளியிட்டது. அமெரிக்காவின் ப்ராஜெக்ட் மேலாண்மை அமைப்பான பி.எம்.ஐ. 2006-ல் புரோகிராம் மேலாண்மைக்கென்று தனித் தரநிலை கொண்டுவந்தது. வேலையைச் சிறு சிறு சுற்றுகளாகச் செய்யும் அஜைல் பக்கத்திலிருந்து 2011-ல் சேஃப் என்ற முறை வந்தது. வார்த்தைகள் வேறு வேறு, கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றே. எம்.எஸ்.பி.யை எடுத்துக்கொண்டால், மொத்தப் புரோகிராமுக்கும் பதில் சொல்ல ஒரே ஒரு மூத்த பொறுப்பாளர் வேண்டும் என்கிறது. ஒரு குழு போதாது, ஓர் ஆள். அப்புறம், ஐ.டி. டீம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனபின் அந்த மாற்றத்தைத் தன் துறையில் நிலைக்கவைக்கும் பிசினஸ் சேஞ்ச் மேனேஜர், அவர் பிசினஸ் பக்கத்து ஆளாக இருக்க வேண்டும். பி.எம்.ஐ. தரநிலையும் பலன்களை நிர்வகிப்பதையும் ஆளுகையையும் தனித்தனி வேலைகளாகவே பிரித்து வைத்திருக்கிறது. சேஃப்பில் 8 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறை 50 முதல் 125 பேர் வரை சேர்ந்து உட்கார்ந்து திட்டமிடுவார்கள், எந்த டீம் எந்த டீமின் வேலைக்காகக் காத்திருக்கிறது என்று பலகையில் சிவப்பு நூல் கட்டிக் காட்டுவார்கள்.

அந்தச் சிவப்பு நூலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் இருந்த ஒரு புரோகிராமில் முதல்முறை நூல் கட்டியபோது, தனக்கு வேண்டியதை எல்லாரும் கட்டினார்கள், தான் கொடுக்க வேண்டியதை யாருமே கட்டவில்லை. ‘உங்களிடமிருந்து மார்ச்சில் ஏ.பி.ஐ. (சிஸ்டங்களை இணைக்கும் வழி) வரும்’ என்று ஒரு டீம் எழுதியிருக்கும், அந்த இன்னொரு டீமின் பட்டியலில் அப்படி ஒரு வேலையே இருக்காது. எங்களோடு இருந்த, அஜைல் டீமை வழிநடத்தும் ஸ்க்ரம் மாஸ்டர் அம்மா ஒருவர் எழுந்து போய், ஒவ்வொரு நூலின் இரண்டு முனையிலும் ஆள் கையெழுத்து இல்லையென்றால் நூலை அவிழ்த்துவிடுவேன் என்று சொல்லி, அப்படியே அவிழ்க்கவும் செய்தார். மத்தியானத்துக்குள் பாதி நூல் கீழே கிடந்தது. அந்தப் புரோகிராமைக் காப்பாற்றியது அந்த மத்தியானம்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

சரி, என் அனுபவம் சிறியது, பெரிய இடத்தில் இதெல்லாம் நடக்காது என்று உங்களுக்குத் தோன்றலாம். பிரிட்டனில் டி.எஸ்.பி. வங்கிக்கு 2018-ல் நடந்ததைப் பாருங்கள். இதைப் பற்றி வெளிப்படையான அறிக்கைகள் இருக்கின்றன, புரோகிராம் நடத்துகிற ஒவ்வொருவரும் உட்கார்ந்து படிக்க வேண்டியவை.

லாயிட்ஸ் வங்கியிலிருந்து பிரிந்து வந்தது டி.எஸ்.பி. பிரிந்தபிறகும் லாயிட்ஸின் கணினி அமைப்பையே வாடகைக்கு எடுத்து ஓடிக்கொண்டிருந்தது. 2015-ல் ஸ்பெயினின் சபாடெல் வங்கி அதை வாங்கியதும், சபாடெலின் சொந்தக் கணினி மேடையை (பிளாட்ஃபார்ம்) தழுவி ஒரு புதிய மேடை கட்டி, 52 லட்சம் வாடிக்கையாளர்களையும் அதற்கு மாற்றுவது என்று முடிவானது. கட்டும் வேலை சபாடெலின் ஐ.டி. நிறுவனமான சாபிஸ் கையில். அதற்குக் கீழே 85 துணை நிறுவனங்கள். முதலில் குறித்த மாதம் 2017 நவம்பர். முடியவில்லை, மறுபடி திட்டமிட்டார்கள், அடுத்த வருடத் தொடக்கத்துக்குத் தள்ளினார்கள்.

இங்கேதான் கவனியுங்கள். வங்கியின் போர்டு நியமித்த ஸ்லாட்டர் அண்ட் மே சட்ட நிறுவனம் 2019 நவம்பரில் கொடுத்த அறிக்கை, அந்த மறுதிட்டம் ‘வலமிருந்து இடமாக’ப் போடப்பட்டது என்கிறது. அதாவது முடிவுத் தேதியை முதலில் வலது ஓரத்தில் எழுதிவிட்டு, அதற்குள் அடங்குகிற மாதிரி வேலைகளைப் பின்னோக்கி அடுக்குவது. சில வேலைப் பிரிவுகள் 7 மாதம் பின்தங்கியிருந்தபோது, முதல் தேதியைவிட 4 மாதம் மட்டும் தள்ளினால் போதும் என்று எப்படி நினைக்க முடிந்தது? இந்தக் கேள்வியைப் போர்டில் ஒருவர் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை என்று அந்த அறிக்கை சொல்கிறது. இதற்குத் தொழில்நுட்பம் தெரிய வேண்டாம். கழித்தல் தெரிந்தால் போதும்.

2018 ஏப்ரல் 22 ஞாயிறு மாலை புதிய மேடை திறந்தது. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள் போக முடியாமல் நின்றார்கள், சிலருக்கு அடுத்தவர் கணக்கு தெரிந்தது. இரண்டு டேட்டா சென்டர்கள் சேர்ந்து சுமக்க வேண்டிய பாரம் அது. சுமைச் சோதனையை ஒன்றில் மட்டும்தான் செய்திருந்தார்கள். இயல்பு நிலைக்குத் திரும்ப டிசம்பர் ஆனது. அந்த வருடம் இதனால் வங்கிக்கு ஆன செலவு ஏறக்குறைய 33 கோடி பவுண்டு, 80,000 வாடிக்கையாளர்கள் வேறு வங்கிக்குப் போனார்கள், செப்டம்பரில் தலைமை அதிகாரி பதவி விலகினார். 2022 டிசம்பரில் பிரிட்டனின் நிதிக் கட்டுப்பாட்டு அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 4.865 கோடி பவுண்டு அபராதம் போட்டன. 2023 ஏப்ரலில் அப்போதைய சி.ஐ.ஓ. மீது தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம். சாபிஸ் தயாராக இருக்கிறதா என்று அவர் போதிய அளவு சரிபார்க்கவில்லை என்பதுதான் அவர் மீதான குறை. ‘தயாராக இருப்போம் என்று எதிர்பார்க்கிறோம்’ என்கிற மாதிரியான ஓர் உறுதிக் கடிதத்தை நம்பி ஒரு வங்கியின் மொத்தக் கணக்குகளும் நகர்ந்தன.

என் மருத்துவமனைக் கதையும் இதுவும் அளவில்தான் வேறு. அங்கே 5 ப்ராஜெக்ட், இங்கே 85 துணை நிறுவனங்கள். இரண்டிலும் ஒவ்வொருவரும் தன் பெட்டிக்குள் சரி என்று சொன்னார்கள், பெட்டிகளுக்கு நடுவே போய்ப் பார்த்துவிட்டு வந்து ‘இல்லை’ என்று சொல்லும் அதிகாரம் உள்ளவர் யாரும் இல்லை, அல்லது இருந்தும் சொல்லவில்லை.

மருத்துவக் காப்பீடு வாங்குவதற்கான அமெரிக்க அரசின் ஹெல்த்கேர்.கவ் தளத்தின் கதை உங்களில் பலருக்குத் தெரியும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2013 அக்டோபர் 1-ல் திறந்தது, முதல் நாள் பதிவு முடித்தவர்கள் 6 பேர். 55 ஒப்பந்த நிறுவனங்கள். அவற்றை ஒருங்கிணைக்கும் வேலையை அரசு அமைப்பு தானே வைத்துக்கொண்டது, ஆனால் மொத்தத்துக்கும் இவர்தான் பொறுப்பு என்று ஒருவரைக் காட்ட முடியவில்லை. எல்லாப் பகுதிகளையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கும் சோதனை கடைசி 2 வாரத்தில்தான் நடந்தது என்று ஒப்பந்ததாரர்களே நாடாளுமன்றக் குழு முன் சொன்னார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்ததுதான். ஒரு நிறுவனத்தை மொத்தத்துக்கும் பொறுப்பாளராக நியமித்தார்கள், மேலே ஒருவர், வெள்ளை மாளிகை அனுப்பிய ஜெஃப் ஸையன்ட்ஸ், பதில் சொல்ல வேண்டியவர் ஆனார். தினமும் இரண்டு வேளை கூட்டம். அந்தக் கூட்டத்தில் ஒரு விதி இருந்தது: பதவியில் உயர்ந்தவர் பேசக்கூடாது, விஷயம் தெரிந்தவர்தான் பேச வேண்டும். இரண்டே மாதத்தில் தளம் ஓரளவு நிமிர்ந்தது, பதிவுக் காலம் முடிந்தபோது மாநிலத் தளங்களையும் சேர்த்து 80 லட்சம் பேர் பதிவு செய்திருந்தார்கள். கோடை முழுக்க உழைத்த அதே எஞ்சினியர்களில் பலர்தான் நவம்பரிலும் உழைத்தார்கள். யார் பேசலாம், யார் முடிவெடுக்கலாம் என்பது மாறியிருந்தது.

இப்போது நம் ஊர்ப் பக்கம் வருகிறேன். திருவாரூர் தேரோட்டம் பார்த்திருக்கிறீர்களா? 96 அடி உயரத் தேர், ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடிக்கிறார்கள், எல்லார் கண்ணும் வடத்தின் மேல்தான். ஆனால் தேர் எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து ஓடுகிறார்கள், கையில் முட்டுக்கட்டை. சரியான நொடியில் சரியான சக்கரத்தின் அடியில் அதைச் செருகுவார்கள், தேர் அந்தப் பக்கம் திரும்பும், அல்லது நிற்கும். திருச்சி பெல் நிறுவனம் அந்தத் தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்திருக்கிறது, அது வந்த பிறகும் முட்டுக்கட்டை போகவில்லை. ஆனால் நம் பேச்சில் ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்றால் அது திட்டு. நம் புரோகிராம்களிலும் அப்படித்தான் ஆகிவிட்டது. டெஸ்ட் மேனேஜர் ‘இந்த வாரம் வேண்டாம்’ என்றால் அவர் ஒத்துழைக்காதவர். சிஸ்டங்களை இணைப்பதை வடிவமைக்கும் இன்டக்ரேஷன் ஆர்க்கிடெக்ட் கேள்வி கேட்டால் அவர் எதிர்மறையானவர். வடம் பிடிப்பவர்களுக்கு மட்டும் அப்ரைசலில் நல்ல மதிப்பெண்.

உங்களிடம் நான் கேட்பதில் முதன்மையானது இதுதான்: சக்கரத்துப் பக்கம் ஆள் வையுங்கள், அவர் கையில் கட்டையைக் கொடுங்கள், அவர் செருகும்போது அவரைத் திட்டாதீர்கள். பிரிட்டிஷ் அரசு 2001-ல் கேட்வே ரிவ்யூ என்று ஒன்றை ஆரம்பித்ததே இதற்காகத்தான். புரோகிராமுக்கு வெளியே இருப்பவர்கள் வந்து, 0 முதல் 5 வரையான வாயில்களில் நிறுத்திப் பார்ப்பார்கள். நம் கம்பெனிகளிலும் ஸ்டேஜ் கேட் என்று பெயர் இருக்கிறது. நான் பார்த்த ஸ்டேஜ் கேட்டுகளில் ஒன்றுகூட மூடியதில்லை. ‘நிபந்தனையோடு அனுமதி’ என்று எழுதித் திறந்துவிடுவோம், அந்த நிபந்தனைகள் அடுத்த கேட்டில் மறுபடி நிபந்தனைகளாகவே நிற்கும். ஒரு வருடம் ஓடுகிற புரோகிராமில் ஒரு கேட்கூட ஒருமுறைகூட மூடவில்லை என்றால், தயவுசெய்து அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கேட்டில் ஆள் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பலன். இந்த வார்த்தைதான் எல்லா ஃபிரேம்வொர்க்கிலும் அதிகம் வருவது, எல்லாக் கம்பெனியிலும் முதலில் கைவிடப்படுவதும் இதுதான். அனுமதி வாங்கும்போது, செலவை நியாயப்படுத்தும் பிசினஸ் கேஸில் பலன்களை எழுதுகிறோம், நிதி வந்ததும் அந்த எக்செல் கோப்பை யாரும் திறப்பதில்லை. புரியும்படி ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் நாட்டின் தேசிய மின் ஆளுமைத் திட்டம் 2006 மே மாதம் ஒப்புதல் பெற்றது, உள்ளே 27 மிஷன் மோட் (தெளிவான இலக்கும் கெடுவும் உள்ள) ப்ராஜெக்டுகள். வருமானம், சாதி, இருப்பிடம் போன்ற சான்றிதழ்களை மாவட்ட அளவில் கொடுக்கும் இ-டிஸ்ட்ரிக்ட் அதில் ஒன்று. அது தனியாக நிற்க முடியாது. அரசு அலுவலகங்களை இணைக்கும் மாநில நெட்வொர்க் வேண்டும், மாநில டேட்டா சென்டர் வேண்டும், ஊரில் மக்கள் போய் விண்ணப்பிக்கும் பொதுச் சேவை மையம் வேண்டும். அந்த மூன்றையும் எந்த ஒரு துறையின் ப்ராஜெக்டுக்கும் சொந்தமாக்காமல், எல்லாருக்கும் பொதுவான அடித்தளமாகத் தனியே வைத்தார்கள். அது சரியான புரோகிராம் சிந்தனை, இன்று படித்துப் பார்த்தாலும் எனக்கு மரியாதை வருகிறது.

ஆனால் பலன் எது? சர்வர் ஓடுவது பலன் இல்லை, மையம் திறந்தது பலன் இல்லை. கல்லூரி அட்மிஷனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு பெண்ணின் அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு நடக்காமல், பக்கத்து இ-சேவை மையத்தில் கொடுத்துவிட்டு, சான்றிதழ் தயார் என்ற எஸ்.எம்.எஸ். பார்த்துப் போய் வாங்குவது, அதுதான் பலன். அந்தச் சங்கிலியில் நெட்வொர்க் 100%, டேட்டா சென்டர் 100%, மென்பொருள் 100%, கிராம நிர்வாக அலுவலர் ஆன்லைனில் பரிந்துரை செய்யவில்லை என்றால் பலன் 0%. எந்த ப்ராஜெக்ட் மேனேஜரின் டேஷ்போர்டிலும் அந்த 0 தெரியாது. அதை எண்ணுவதற்கு ஓர் ஆள் தனியாக வேண்டும், அவர் ஐ.டி.யில் இருக்கக் கூடாது, ஏனென்றால் அந்த வி.ஏ.ஓ.வின் வேலைமுறையை மாற்ற ஐ.டி. ஆளால் முடியாது.

உங்கள் புரோகிராமில் அந்த ஆள் யார்? பெயர் சொல்ல முடிகிறதா? ‘பிசினஸ் டீம்’ என்று சொல்லாதீர்கள், பெயர்.

தேதியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேலே வலமிருந்து இடமாகத் திட்டம் போடுவதைத் திட்டினேன், தேதியே வைக்கக் கூடாது என்று நான் சொல்வதாக நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2020 ஏப்ரல் 1-ல் 10 அரசு வங்கிகள் 4 ஆக இணைந்தபோது அலகாபாத் வங்கி நம் சென்னையில் தலைமையகம் உள்ள இந்தியன் வங்கியோடு சேர்ந்தது. சட்டப்படி இணைப்பு அந்த ஏப்ரலில். கணக்குகளை நடத்தும் கோர் பேங்கிங் அமைப்புகள் ஒன்றானது 2021 பிப்ரவரியில், 10 மாதம் கழித்து. சட்டத் தேதி அரசு குறித்தது, அதை யாரும் நகர்த்த முடியாது, ஆனால் அன்றே கணினிகளும் ஒன்றாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்பதைப் பிரித்துப் பார்த்தார்கள். பல புரோகிராம்களில் இந்தப் பிரித்துப் பார்த்தலே நடப்பதில்லை. எம்.டி. ஒரு விழாவில் ஒரு தேதி சொல்லிவிடுவார், அது சட்டத் தேதி மாதிரி ஆகிவிடும், கீழே இருக்கிற 12 ப்ராஜெக்டும் அதற்குள் தங்களை மடக்கிக்கொள்ளும், மடக்கும்போது முதலில் வெட்டுப்படுவது ஒருங்கிணைப்புச் சோதனைதான், ஏனென்றால் அது கடைசியில் இருக்கிறது, அதற்கென்று வாதாட ஒரு ப்ராஜெக்ட் மேனேஜரும் இல்லை. தேதி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். சட்டம் சொன்னதா, ஒப்பந்தம் முடிகிறதா, இல்லை யாரோ மேடையில் சொன்னதா? மூன்றுக்கும் ஒரே மரியாதை கொடுக்க வேண்டியதில்லை.

‘இதெல்லாம் செய்தால் இன்னும் கூட்டம், இன்னும் காகிதம், எங்கள் டீம்கள் அஜைலில் இருக்கின்றன’ என்று சொல்வீர்கள், சொல்லியும் இருக்கிறீர்கள். எனக்கும் காகிதம் பிடிக்காது. 5 பேர் 3 மாதத்தில் முடிக்கிற 2 ப்ராஜெக்டுக்கு எம்.எஸ்.பி. வேண்டியதே இல்லை, இரண்டு டீமும் ஒரே மேஜையில் சாப்பிட்டால் போதும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 ப்ராஜெக்டுகளை ஒரே பட்ஜெட் தலைப்பில் வருகிறது என்பதற்காகப் புரோகிராம் என்று அழைக்கவும் வேண்டாம், அது வெறும் பட்டியல், அதற்கு ஒரு நல்ல எக்செல் போதும். ஆனால் ஒன்றின் வெளியீடு இன்னொன்றின் உள்ளீடாக இருக்கிறது, எல்லாம் சேர்ந்தால்தான் பயனாளிக்கு ஏதாவது கிடைக்கும் என்ற நிலை வந்துவிட்டால், அப்புறம் தப்பிக்க வழியில்லை. அந்த வேலையை யாராவது செய்தே ஆக வேண்டும். நீங்கள் பகலில் ஆள் வைத்துச் செய்யவில்லை என்றால், கோ-லைவ் இரவில் எங்கள் பையன்கள் வாட்ஸ்ஆப் குழுவில் செய்வார்கள், தூக்கமில்லாமல், முடிவெடுக்க அதிகாரமில்லாமல்.

காகிதத்தைக் குறைக்க எனக்கு ஒரு யோசனையும் இருக்கிறது. உங்கள் கூட்டத்தில் எங்கள் 12 பேரின் ஸ்லைடுகளையும் நிறுத்திவிடுங்கள். நாங்கள் எழுத்தில் அனுப்புகிறோம், நீங்கள் முதல் நாளே படித்துவிட்டு வாருங்கள். கூட்டத்தில் ஒரே ஓர் அட்டவணை மட்டும் திரையில் இருக்கட்டும்: கொடுப்பவர் பெயர், வாங்குபவர் பெயர், என்ன பொருள், எந்தத் தேதி, இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்களா. ஒப்புக்கொள்ளாதவற்றை மட்டும் பேசுவோம். கொடுப்பவரும் வாங்குபவரும் அறையில் இருக்கட்டும், அவர்களின் மேலதிகாரி பேச வேண்டாம். முதல் மாதம் சங்கடமாக இருக்கும், பாதி வரிகள் சிவப்பாக இருக்கும், ‘புரோகிராம் திடீரென்று ஏன் இப்படி ஆகிவிட்டது’ என்று மேலிடம் கேட்கும். ஆகவில்லை, இப்போதுதான் தெரிகிறது என்று நீங்கள்தான் எங்களுக்காகச் சொல்ல வேண்டும். சிவப்பு காட்டிய முதல் ஆளை அந்தக் கூட்டத்தில் நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் மற்ற 11 பேரும் அடுத்த மாதம் என்ன நிறம் போடுவது என்று முடிவு செய்வார்கள். நானும் அப்படித்தான் முடிவு செய்திருக்கிறேன், பல வருடம்.

அந்த மருத்துவமனையில் அப்புறம் என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். இரண்டாவது கிளையைத் திறக்க 6 வாரம் தள்ளினார்கள். தள்ளச் சொன்னவர் எங்களில் யாரும் இல்லை, முதல் கிளையின் நர்சிங் சூப்பிரண்டெண்ட். அவரை ஸ்டீயரிங் கமிட்டிக்கு அழைத்தார்கள், புரோகிராம் தொடங்கி 14 மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக. அவர் தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, ஒரு நோயாளி வாசலில் வந்ததிலிருந்து மருந்து வாங்கிக்கொண்டு போகும்வரை எந்த எந்த இடத்தில் யார் கையில் என்ன தாள் மாறுகிறது என்று வரிசையாகப் படித்தார். 17 இடம். எங்கள் படத்தில் 4 அம்புக்குறிதான் இருந்தது. அந்த 17-க்கும் ஒவ்வொரு ஆளை நியமித்து, அவரே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வார்டில் நடந்து சரிபார்த்து, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் இரண்டாவது கிளை திறந்தது. அங்கே எந்த லேப் ஊழியரும் மாடி ஏற வேண்டியிருக்கவில்லை.

உங்கள் புரோகிராமிலும் அப்படி ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பவர் எங்கோ ஒரு கிளையில், ஒரு கிடங்கில், ஒரு கால் சென்டரில் இருக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு அவரை அழையுங்கள். என் 4 நிமிடத்தையும் அவருக்கே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் புரோகிராம்களில் வேலை செய்யும் ஒரு ப்ராஜெக்ட் மேனேஜர்
சென்னை